இலவச அறைக்காக ஆடாதீர்கள்: வீடியோ போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன புதன்கிழமை காலை, லாஸ் வேகாஸை ஒட்டிய ஹெண்டர்சனில், உள்ளூர்க்காரர்கள் அதிகம் போகும் ஒரு கேசினோவில் மதுரைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். 68 வயது. மகள் வீட்டுக்கு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து வீடியோ போக்கர் இயந்திரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஐந்து சீட்டு வரும்; வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒருமுறை மாற்றலாம், கடைசியில் கையில் சேர்ந்ததற்குப் பரிசு. காலடியில் கேசினோ கொடுத்த புதுப் போர்வை இரண்டு, பை பிரிக்காமல் இருந்தன.

"தம்பி, இங்க வயசானவங்கள எவ்வளவு மரியாதையா நடத்துறாங்க பாத்தீங்களா? பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க. மாசம் ரெண்டு நாள் ரூம் ஃப்ரீ" என்றார்.

அவர் முன்னால் இருந்த திரையைப் பார்த்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் நான் எந்த இடத்தில் தவறினேனோ, அதே இடத்தில் அவர் இருந்தார். புதிதாக ஆட வருகிற பெரியவர்களிடம் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்பதால் எழுதுகிறேன். கடன் வாங்கி ஆடாதீர்கள், குடித்துவிட்டு ஆடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பரிசு அட்டவணையைப் படிக்காமல் உட்காருவது

படங்கள் சுழலும் ஸ்லாட் இயந்திரத்துக்கும் வீடியோ போக்கருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே மாதிரி இரண்டு ஸ்லாட் இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், எது எவ்வளவு திருப்பித் தரும் என்று ஆடுபவருக்குத் தெரியாது. வீடியோ போக்கரில் அது தெரியும். நிஜச் சீட்டுக்கட்டில் ஒவ்வொரு சீட்டும் வர எவ்வளவு வாய்ப்பு உண்டோ, அதே வாய்ப்பு இயந்திரத்திலும் இருக்க வேண்டும் என்பது நெவாடா மாநில விதி. ஆகவே திரையில் இருக்கும் பரிசு அட்டவணையே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற சாதாரண ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் இரண்டே வரிகளைப் பார்த்தால் போதும்: ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டும் இன்னொரு ஜோடியும்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்). ஒரு காயினுக்கான முதல் பத்தியில் ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6 என்று இருந்தால் அது 9/6 இயந்திரம். தவறே செய்யாமல் ஆடினால் நீண்ட காலத்தில் 99.54 சதவீதம் திரும்பி வரும். 8/5 என்றால் 97.30. 7/5 என்றால் 96.15. 6/5 என்றால் 95.

நான்கரை சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். கால் டாலர் இயந்திரத்தில் ஒரு கைக்கு ஐந்து காயின், அதாவது 1.25 டாலர். பழகியவர் மணிக்கு 600 கை ஆடுவார். மணிக்கு 750 டாலர் சுழல்கிறது. 9/6 இயந்திரத்தில் அந்த ஒரு மணி நேரத்தின் விலை ஏறக்குறைய மூன்றரை டாலர். 8/5 என்றால் 20 டாலர். 6/5 என்றால் 37 டாலருக்கு மேல். நாற்காலி அதேதான், திரை அதேதான், சீட்டும் அதேதான்.

முழுப் பரிசு தரும் டூசஸ் வைல்டு என்றொரு ஆட்டம் உண்டு. பிழையில்லாமல் ஆடினால் 100.76 சதவீதம். அதாவது ஆடுபவர் பக்கம் சாய்ந்த ஆட்டம். ஒரு காலத்தில் இந்த ஊரில் பல இடங்களில் இருந்தது. இப்போது தேடித்தான் போக வேண்டும்.

ஐந்து காயின் போடாமல் ஆடுவது

ஒரே சின்னத்தில் பத்து முதல் ஏஸ் வரை ஐந்தும் வருவது ராயல் ஃப்ளஷ், இருப்பதிலேயே பெரிய பரிசு. அதற்கு ஒரு காயின் போட்டால் 250, ஐந்து போட்டால் 4,000. கட்டுப்படியாகவில்லை என்றால் சிறிய மதிப்புள்ள இயந்திரத்துக்குப் போங்கள். அங்கேயும் முதலில் அட்டவணை.

ஜோடியோடு ஒரு ஏஸையும் பிடித்து வைப்பது

வேண்டாம். ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று சீட்டு மாற்றுங்கள்.

சலுகைக்காக ஆடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கேசினோ உங்களை எப்படி அளக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் எவ்வளவு தோற்றீர்கள், ஜெயித்தீர்கள் என்பது இரண்டாம் பட்சம். பிளேயர்ஸ் கார்டு, அதாவது இயந்திரத்தில் செருகும் உறுப்பினர் அட்டை வழியாக எவ்வளவு பணம் சுழன்றது என்று பார்க்கிறார்கள். அதற்குக் காயின்-இன் என்று பெயர். அதை அந்த இயந்திரத்தில் கேசினோவுக்குக் கிடைக்கும் சதவீதத்தால் பெருக்கினால், நீங்கள் சராசரியாகத் தோற்க வேண்டிய தொகை வரும். இங்கே அதைத் தியோ என்பார்கள். அந்தத் தியோவில் ஒரு பங்குதான் அறையாகவும் சாப்பாடாகவும் இலவச ஆட்டமாகவும் (ஆடுவதற்கு மட்டும் கேசினோ தரும் தொகை) தபாலில் உங்களுக்குத் திரும்பி வருகிறது. சலுகையின் அளவை முடிவு செய்வது நீங்கள் இழக்கப்போகும் பணம்தான். நல்ல இயந்திரத்தில் நன்றாக ஆடுபவருக்குத் தியோ சிறியது, சலுகையும் சிறியது. மோசமான இயந்திரத்தில் மணிக்கணக்கில் உட்காருபவருக்கு அழகான அட்டையில் அழைப்பு வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் போய்வந்த இடத்தில் ஒரு மூலையில் 9/6 இயந்திரங்கள் ஒரு வரிசை இருந்தன. வாரம் எட்டு மணி நேரம் ஆடுவேன். ஒருநாள் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் ஆடியிருப்பேன். ஐந்து ஹார்ட்டின் சேர்ந்து ஒரு ஃப்ளஷ் விழுந்தது. 30 வர வேண்டிய இடத்தில் 25 வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து அட்டவணையைப் பார்த்தேன். 8/5. முந்தின வாரத்துக்கும் அன்றைக்கும் நடுவில் மாற்றியிருக்கிறார்கள். ஒரு பலகை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அது அவர்கள் உரிமை, சட்டப்படி தவறும் இல்லை. ஆனால் எத்தனையோ வயதானவர்கள் அதே வரிசையில், பழைய கணக்கிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சரி, தெரிந்ததும் எழுந்து போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. ஏனென்றால் வாரம் 20 டாலர் இலவச ஆட்டம் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்குச் சாப்பாடு வந்தது. கார்டின் நிறம் அடுத்த நிலைக்கு மாற இன்னும் கொஞ்சம் புள்ளிகள்தான் பாக்கி. இதையெல்லாம் விட்டுவிட்டுப் போவதா என்று இரண்டு வருடம் அந்த 8/5 இயந்திரத்திலேயே ஆடினேன்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு மூன்றரை டாலராக இருந்த செலவு 20 ஆனது. வித்தியாசம் ஏறக்குறைய 17. வாரம் எட்டு மணி நேரத்துக்கு 134 டாலர். வருடத்துக்கு 7,000 டாலர் அளவில் வருகிறது. பதிலுக்கு எனக்கு வந்த இலவச ஆட்டம் வருடத்துக்கு 1,000 டாலர். வாரம் இரண்டு சாப்பாட்டை எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டாலும் மீதியை அது ஈடுகட்டாது. அந்தச் சாப்பாட்டைக் காசு கொடுத்தே சாப்பிட்டிருக்கலாம், அதைவிட நல்ல இடத்தில்.

நடுநடுவே நான் ஜெயிக்காமலும் இல்லை. நான்கு ஏஸ் வந்தது. ஒருமுறை ராயலும் விழுந்தது. ராயல் சராசரியாக 40,000 கைக்கு ஒருமுறை வருவது. அது வந்த மாதம் முழுக்க நான் நன்றாகத்தான் ஆடுகிறேன் என்றே நம்பினேன். இந்த ஏற்ற இறக்கம்தான் செலவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. தினமும் ஒரே மாதிரி 20 டாலர் போயிருந்தால் முதல் மாதமே விழித்திருப்பேன்.

பிறகு ஒருவழியாக 9/6 இருந்த வேறு இடத்துக்கு மாறினேன். அங்கே சீட்டு விளையாட்டின் வழிமுறையை ஒழுங்காகப் படித்து ஆடினேன். தபாலில் வந்த சலுகை மாதம் மாதம் குறைந்தது. ஒருநாள் சலுகையைக் காட்டும் கியாஸ்க் இயந்திரத்தில் கார்டைத் தேய்த்தால் சலுகை எதுவும் இல்லை என்று வந்தது. வருடக்கணக்காக வந்தவனுக்கு இதுதானா என்று அன்றைக்கு மனம் நொந்தது. ஆனால் என் பையில் இருந்து போன பணம் முந்தைய வருடங்களில் போனதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

இலவச ஆட்டம் முடிந்த பிறகும் ஆட்டத்தை நீட்டிப்பது

20 டாலர் இலவச ஆட்டத்தை அப்படியே பணமாக எடுக்க முடியாது, ஒருமுறை சுழற்ற வேண்டும். சுழற்றிவிட்டு, வந்ததை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கார்டு போட்டுக் கால் மணி நேரம் மட்டும் ஆடுவது

இது பலருக்குத் தெரியாது. சலுகை பெரும்பாலும் நாள் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மொத்தத் தியோவை நீங்கள் ஆடிய நாட்களால் வகுக்கிறார்கள். சாப்பிட வந்த இடத்தில் சும்மா இருக்கிறோமே என்று பத்துக் கை ஆடினால் அதுவும் ஒரு நாளாகக் கணக்கில் ஏறி, சராசரியைக் கீழே இழுத்துவிடும். சாப்பிட வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முதியோர் நாளில் புள்ளிகளை நம்புவது

இங்கே பல கேசினோக்களில் வாரத்தில் ஒரு நாள் 50 வயதோ 55 வயதோ தாண்டியவர்களுக்கு என்று ஒதுக்கியிருப்பார்கள். சாப்பாட்டில் தள்ளுபடி, குலுக்கல், பரிசுப் பொருள், இரட்டைப் புள்ளி. அது ஏன் எப்போதும் வாரத்தின் நடுவில் வருகிறது? அன்றைக்குத்தான் இடம் காலியாகக் கிடக்கும், ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் காலையில் நேரம் இருக்கும். தள்ளுபடிச் சாப்பாட்டை நானும் சாப்பிடுகிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் புள்ளிப் பெருக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஸ்லாட்டுக்கு ஐந்து மடங்கு என்றால் வீடியோ போக்கருக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருக்கும். சாதாரண நாளிலேயே கணக்கு வேறு. சீசர்ஸ் என்ற கேசினோ நிறுவனத்தின் திட்டத்தில் ஸ்லாட்டில் 5 டாலர் சுழன்றால் ஒரு புள்ளி, வீடியோ போக்கரில் அதே புள்ளிக்கு 10 டாலர் சுழல வேண்டும்.

கேசினோவில் வேலை செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தப் பெண்கள் பலருக்குப் பெரியவர்கள் மேல் உண்மையான பிரியம் உண்டு. மனைவியை இழந்து தனியாக இருப்பவருக்கு அந்த ஒரு வணக்கம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதற்காகப் போங்கள், காப்பி குடியுங்கள், பேசுங்கள். ஒரு டாலர்கூட ஆடாமலும் அவர்கள் பேசுவார்கள்.

டாலர் இயந்திரத்துக்கு மாறும்போது வரியை மறப்பது

கால் டாலர் ராயல் 1,000 டாலர். வரிப் படிவம் கிடையாது. டாலர் இயந்திரத்தில் அதே ராயல் 4,000 டாலர், வரிப் படிவம் வரும். அந்தப் படிவத்துக்கான எல்லை நெடுங்காலமாக 1,200 டாலராக இருந்து, 2026-இல் 2,000 ஆனது. தோற்றதைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். ஆனால் ஜெயித்த தொகை முதலில் மொத்த வருமானத்தில் ஏறிவிடுகிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு எவ்வளவு வரி, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு எவ்வளவு சந்தா என்பது அந்த வருமானத்தை வைத்துத்தான் முடிவாகிறது. வயதானவர்களைத்தான் இது அதிகம் கடிக்கும். தினமும் ஆடியதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

போன சலுகையைத் துரத்துவது

மதுரைக்காரரிடம் ஃபுல் ஹவுஸ் வரியைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆறுன்னு போட்டிருக்கு. கீழ அஞ்சு" என்றார். அவர்கள் மெதுவாகத்தான் ஆடுகிறார்கள், மணிக்கு 400 கை இருக்கும். ஆளுக்கு மணிக்கு 25 டாலர், இரண்டு பேருக்கு 50. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வாரம் மூன்று நாள். கைபேசியில் போட்டுக் காட்டினேன். மாதம் 1,800 டாலர். இதில் சீட்டை மாற்றிப் பிடிக்கும் பிழைகள் சேரவில்லை.

அவர் வெகு நேரம் பேசவில்லை. "போன மாசம் வரலைன்னா இந்த மாசம் ரூம் குடுக்க மாட்டாங்கன்னுதான் தம்பி வந்தோம்" என்றார். அந்த அம்மா கேட்டார்: "வர்ற வாரத்துக்கு ரூம் போட்டிருக்கோமே, ஆடலைன்னா காசு கேப்பாங்களா?"

கேட்க மாட்டார்கள் அம்மா என்றேன். அது ஏற்கெனவே நீங்கள் கொடுத்த பணத்துக்கு வந்தது. அறை வாடகைக்கு மேல் வாங்கும் ரிசார்ட் கட்டணம் தனியாக உண்டா என்று மட்டும் முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். போய் இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.