"அப்பாவுக்குக் கருமக்கிரியை ஆகிவிட்டதா, தம்பி?": தொடர்கதையில் துக்கம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் தொடர்கதையின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு தகப்பனைக் கொன்றேன். பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலை. விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில், மழையில் ஊறிய செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிச் செத்துப்போகிறார். ஆறாம் அத்தியாயத்தில் அவருடைய மகள், தோழியின் கல்யாண வீட்டில் மருதாணிக் கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அது உறுத்தவே இல்லை. கதை நகர வேண்டுமே!

அந்த வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட் நகர இரவுச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்பாவுக்குக் கருமக்கிரியை ஆகிவிட்டதா, தம்பி? யாருக்கும் சொல்லவே இல்லையே?" யாருடைய அப்பா என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். வாரம் ஓர் அத்தியாயம். நான்குக்கும் ஆறுக்கும் இடையே 14 நாட்கள். பதினாறாம் நாள் இன்னும் வரவே இல்லை. தீட்டு கழியாத பெண்ணைக் கல்யாண வீட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

பாட்டி பிடித்தது சடங்குப் பிழையை அல்ல. தொடர்கதை வாசகர் கதாபாத்திரத்தோடு ஒரே நாட்காட்டியில் வாழ்கிறார். ஒரே மூச்சில் படிக்கும் நாவலில் "மூன்று மாதங்கள் கழிந்தன" என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். தொடரில் அந்த ஏழு நாள் இடைவெளியில் வாசகர் சமைக்கிறார், வேலைக்குப் போகிறார், நடுவில் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறார். திரும்பி வந்து பார்த்தால், தான் சுமந்த துக்கத்தை அவள் சுமக்கவில்லை. ஏமாந்துபோகிறார்.

அதன் பிறகு தொடர் தொடங்கும் முன் குதிரைப் படம் போட்ட நாட்காட்டி ஒன்றை வாங்கிவிடுகிறேன். சாவு விழும் தேதியில் சிவப்பு மையால் வட்டம். பிறகு எட்டாம் நாள் படையல், பதினாறாம் நாள் கருமக்கிரியை, முதல் தீபாவளி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, ஆண்டுத் திதி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பேன். எல்லாவற்றுக்கும் காட்சி வேண்டியதில்லை. 'அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை. மூன்று வீடுகளிலிருந்து முறுக்கு வந்தது' என்று ஒரு வரி போதும். வேறு கதை ஓடிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தின் நடுவே அந்த வரி வந்து உட்கார்ந்தால், பத்துப் பக்க அழுகையைவிட அதிகம் வலிக்கும்.

ஆறுதல் சொல்லும் வாய்கள்

அடுத்த தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நானும் அதிகம் செய்திருக்கிறேன். குடும்ப ஆதரவு என்றதும் ஒரு பெரியப்பாவோ அத்தையோ வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்குவார்கள். "பிறந்தவர் எல்லாரும் ஒரு நாள் போகவேண்டியவர்தானே, அம்மா." வாழ்க்கை, விதி, காலம் மருந்து என்று ஒன்றரைப் பக்கம். கேட்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வாள்.

லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், சாவு விழுந்தபோது அருகில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்காது. யார் என்ன செய்தார்கள் என்பது இருபது வருடம் கழித்தும் நினைவிருக்கும். பக்கத்து வீட்டு அக்காள் கேட்காமலே சின்னவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனது. கொழுந்தன் பதினாறு நாளும் தன் பங்கு மரங்களோடு அண்ணன் பங்கையும் சேர்த்து வெட்டியது. சீனர் மளிகைக்கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வெள்ளை உறை ஒன்றை நீட்டியது, அந்த மாதம் கடன் புத்தகத்தைத் திறக்காதது. பந்தலுக்குப் பின்னால் குந்தியிருந்து அண்டா தேய்த்தவள் யார் என்று எழுதுங்கள். நம் ஊரில் அனுதாபத்தின் முதல் சொல்லே "பசியாறினாயா?" என்பதுதான். அதற்கு மேல் பெரியப்பா என்ன பேசிவிடப் போகிறார்?

இதில் எழுத்தாளருக்கு இன்னும் பெரிய விளைச்சல் ஒன்று இருக்கிறது. உதவி ஓய்ந்துபோகும். மூன்றாம் வாரம் தூக்குச்சட்டிகள் வருவது குறையும். கொழுந்தனின் மனைவி, "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பாள், அவள் கெட்டவள் அல்ல, அவளுக்கும் மூன்று பிள்ளைகள். பினாங்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மூத்த மகன் மூன்றாம் நாளே பஸ் ஏற வேண்டியிருக்கும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தனியார் துறைத் தொழிலாளிக்குத் துக்க விடுப்பைக் கட்டாயமாக்கவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் நிறுவனத்தின் விதியையோ தொழிற்சங்க ஒப்பந்தத்தையோ பொறுத்தது. தங்கை அவனைக் கல்நெஞ்சன் என்று நினைக்கட்டும். அவன் பேருந்தில் என்ன செய்தான் என்பதை ஒன்பதாம் அத்தியாயம் வரை ஒளித்து வையுங்கள். வில்லன் இல்லாமலே தொடர் ஓடும்.

உதவிக்கு விலையும் உண்டு. அண்டா தேய்த்த அத்தை, ஆறு மாதம் கழித்து மகளின் கல்யாணப் பேச்சில் தன்னைக் கேட்கவில்லை என்று முறுக்கிக்கொள்வாள். அதுவும் ஆதரவின் ஒரு முகம்தான். பலர் அதை எழுதத் துணிவதில்லை. அத்தையை முழு நல்லவளாகவோ முழுச் சூழ்ச்சிக்காரியாகவோ ஆக்கிவிடுகிறார்கள்.

துக்கம் தனியறையில் இல்லை

கண்ணீரை மட்டும் எழுதி, காகிதங்களை விட்டுவிடுவது மூன்றாவது தவறு. தோட்டத்துச் சாவில் அழுகையின் குரல்வளையைப் பிடிப்பவை காகிதங்கள்தாம். லயத்து வீடு குடும்பத்தினுடையது அல்ல, வேலையினுடையது. வேலைக்காரர் போனால் வீடு என்ன ஆகும் என்ற கேள்வி பிணம் கூடத்தில் கிடக்கும்போதே எல்லார் மனத்திலும் ஓடும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

என் கதையின் தகப்பனையே எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்து. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வழக்கமான பாதையில் வேலைக்குப் போகும்போது நேரும் விபத்தும் வேலை விபத்தாகவே கொள்ளப்படும். ஆகவே சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலிருந்து சார்ந்திருப்போர் உதவித்தொகை வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மனைவியோ பிள்ளையோ இருக்கும்போது, இறந்தவரைப் பெற்ற தாய்க்கு அதில் பங்கு இல்லை.

இந்த விதியை நான் முதலில் படித்தபோது என் தொடரின் பாதி தானாகவே எழுந்து நின்றது. ஒரே லயத்து வீட்டில் மாமியாரும் மருமகளும். மகனைப் பறிகொடுத்த கிழவிக்குப் படிவத்தில் ஓர் இடமும் இல்லை. "என் வயிற்றில் பிறந்தவன்" என்று அவள் ஒப்பாரியில் இழுப்பதற்கும் மருமகள் தோட்ட எழுத்தரான கிராணியின் முன்னால் கையெழுத்துப் போடுவதற்கும் இடையே ஒரு வார்த்தைகூடச் சண்டை வேண்டாம். முதல் பணம் வந்த மாதம் மருமகள் மாமியாருக்கு என்ன வாங்கி வருகிறாள் என்று யோசித்தேன். வெற்றிலைச் செல்லம், அதோடு ஒரு கம்பளிச் சால்வை. கிழவி சால்வையை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள், போர்த்திக்கொள்ளவே இல்லை.

ஐந்து படிகள் என்னும் ஏணி

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு: துக்கத்துக்கு இந்த ஐந்து படிகள் உண்டென்று எங்கோ படித்துவிட்டு, அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் இவற்றை எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்திலிருந்து. பிறகுதான் அது இழந்தவர்களுக்கும் பொதுவான ஏணியாகப் பரவியது. 1999-இல் உளவியல் ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் முன்வைத்த விளக்கம் கதை எழுதுவோருக்குக் கூடுதலாக உதவும். துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாட வாழ்வைக் கட்டியெழுப்பும் வேலைக்கும் இடையே ஊசலாடுகிறார் என்றார்கள் அவர்கள். காலையில் மீன்காரரிடம் கெம்போங் மீனுக்கு ஒரு வெள்ளிக்குப் பேரம் பேசுகிறவள், மாலையில் கொடியில் கிடக்கும் கைலியைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். மறுநாள் மறுபடி பேரம். ஏணியில் ஏறியவர் இறங்கமாட்டார், அதனால் கதை ஆறாவது வாரம் தீர்ந்துவிடும். ஊசலுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பால் வெட்டும் பெண்ணுக்கு இந்த ஊசல் வேலையிலேயே இருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே மரத்தடியில் நிற்கவேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பத்துப் பேர் நடுவே கல்லாக நின்றவள், நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போனதும் அழலாம். கை மட்டும் பட்டையில் கோட்டைத் தவறவிடக் கூடாது. இதே காட்சியை இன்றைய செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு அப்படியே தூக்கிப் போடாதீர்கள். அங்கே பகல் வேலை, குலை தள்ளும் ஆட்கள், டிராக்டர் சத்தம். அவள் அழ வேறு இடம் தேடவேண்டும்.

கொஞ்சம் விரைவாகச் சில சொல்லிவிடுகிறேன். கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள். 1975-இல் நடக்கும் கதையில் கடிதம் தெலுக் இந்தானுக்குப் போகாது, தெலுக் ஆன்சனுக்குத்தான் போகும், 1982-இல்தான் அந்த ஊரின் பெயர் மாறியது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சித் தொடரில் பார்த்த சாவு வீட்டை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள். மணல் ஆற்றங்கரையும் ஊர்க் கிணறும் லயத்தில் கிடையாது. செத்தவரைத் தெய்வமாக்காதீர்கள். அவருக்குக் கள்ளுக்கடையில் பாக்கி இருக்கட்டும், அந்தப் பாக்கியைத் தேடிப்போய் அடைக்கிற மகன் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் விரைவாகச் சொல்லிக் கடக்க முடியாது. 'தொடரும்' என்று போடுவதற்காக, துக்கத்தில் இருக்கும் பெண்ணின் கையில் பூச்சிமருந்துப் புட்டியைக் கொடுத்து அத்தியாயத்தை முடிப்பது பழைய பழக்கம். நானும் ஒருமுறை எழுதிக் கிழித்திருக்கிறேன். அதே நிலையில் இருக்கும் வாசகி ஒருத்தி ஏழு நாள் அந்தப் படத்தோடு இருக்கவேண்டும். அந்த எண்ணம் கதைக்குத் தேவைதான் என்றால், எழுதுங்கள். எப்படி என்பதை விவரிக்காதீர்கள், அதே அத்தியாயத்திலேயே ஒருவர் கதவைத் தட்டட்டும். அடுத்த வாரம் போலீஸ்காரர் வந்து வழக்குப் போடுவதாகவும் எழுதாதீர்கள், கதை இன்றைக்கு நடப்பதானால். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் மலேசியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

முன்கதைச் சுருக்கமும் ஒரு கண்ணி. புதிய வாசகருக்குச் சாவை நினைவூட்ட வேண்டுமென்று வாராவாரம் மகளைப் படத்தின் முன் நிறுத்தி அழ வைப்போம். ஞாயிறு பதிப்பில் அது அவ்வளவாகத் தெரியாது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுபோன காலம் இது. தொடர்கள் கைப்பேசிக்குப் போய்விட்டன, நாற்பது அத்தியாயங்களையும் ஒரே இரவில் படிக்கிறார்கள். நாற்பது முறை ஒரே படம், ஒரே கண்ணீர். எனக்கு உதவியது ஒரு பொருள். விபத்தில் வளைந்த மோட்டார் சைக்கிளை வீட்டுப் பக்கவாட்டில் சாத்தி வைத்தேன். ஒரு வாரம் அதன் மேல் துணி காய்ந்தது. ஒரு வாரம் கோழி முட்டையிட்டது. பதினெட்டாம் வாரம் பழைய இரும்பு வாங்குகிறவர் விலை கேட்டார். சாவு நடந்ததென்று நான் மறுபடி சொல்லவே இல்லை.

கடைசியாக ஆசிரியரின் தொலைபேசி. "இடம் இல்லை, இன்னும் மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள்" என்பார். உடனே கை கல்யாணத்தைத் தேடும். பிரிந்தவர்கள் எல்லாரும் மாலை போட்ட படத்தின் முன் ஒன்றுசேர்வார்கள். மூன்றே வாரம்தான் இருக்கிறதென்றால் நான் கல்யாணத்தை வெட்டிவிடுவேன். ஆண்டுத் திதியை வெட்டமாட்டேன். போன முறை அப்படித்தான் செய்தேன். மூத்தவனுக்கு லீவு கிடைக்கவில்லை, அத்தை வரவில்லை, இலையில் ஒரு வடை அதிகமாகவே இருந்தது.