அத்தையின் காலண்டரில் எனக்கும் ஒரு கட்டம்

அத்தைக்கு இடது பக்கம் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. மாத்திரை, பிசியோதெரபி, திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் எல்லாவற்றையும் கட்டிலுக்குப் பக்கத்துக் காலண்டரில் குறித்து வைப்பேன். முதல் வருடக் கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு நாள் நானும் படுத்துவிட்டேன். அந்த நான்கு நாளும் வீடு பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் அதே காலண்டரில் எனக்கும் நேரம் குறிக்கத் தொடங்கினேன்.

முதலில் இடுப்பு. ஏர் பெட் போட்டிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். நான் அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தேன். அது என் இடுப்புக்கும் கெடுதல், அத்தையின் வலுவிழந்த தோளுக்கும் கெடுதல். பிசியோதெரபி செய்ய வந்த பெண் வேறு வழி சொல்லிக்கொடுத்தார். பழைய பருத்தி வேட்டியை மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி படுத்திருப்பவருக்கு அடியில் சுருக்கமில்லாமல் விரித்து வையுங்கள். அவர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி வையுங்கள். எதிர் ஓரத்து வேட்டியை அவர் உடம்புக்கு மேலாக எட்டிப் பிடியுங்கள். ஒரு காலை முன்னால் வைத்து, உங்கள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, உடம்புப் பாரத்தை மெதுவாகப் பின்காலுக்கு மாற்றுங்கள். கை இழுக்கவே வேண்டாம், அவர் உங்கள் பக்கம் உருண்டு வருவார். அவரைக் கட்டிலில் தலைப்பக்கமாக மேலே ஏற்றிப் படுக்க வைக்க வேண்டியிருந்தால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள். அதைத் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள்.

சாப்பாடு. அத்தைக்கு எட்டு மணிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு நான் பதினொரு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது என் இரண்டு இட்லியை முதலில் முடித்துவிட்டுத்தான் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறேன். தண்ணீர் பாட்டிலும் அதே மேசையில்தான்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அத்தைக்கு பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு நாள் என் கையையும் நீட்டினேன். 150/100 இருந்தது. எனக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அவர்கள் வரும்போது நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

தூக்கத்தை நானும் கணவரும் பிரித்துக்கொண்டோம். இரவு பத்திலிருந்து இரண்டு வரை அவர், அப்புறம் நான். என் முறை இல்லாதபோது வேறு அறையில் படுப்பேன். ஒரே அறையில் படுத்தால் ஒவ்வொரு முனகலுக்கும் விழிப்பு வந்துவிடும்.

உதவி கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க அண்ணி" என்று நாத்தனார் மனதாரத்தான் சொல்வாள். எதைச் சொல்வது என்று தெரியாமல் நானும் சரி என்பேன். ஒரு தடவை நேரத்தோடு கேட்டேன்: "ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து அஞ்சு மணி வரைக்கும் அம்மாகூட இரும்மா." அன்றிலிருந்து வருகிறாள். வேட்டியைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

காரணமில்லாமல் அழுகை வந்தால், அத்தைமேல் எரிந்து விழுந்தால், உள்ளுக்குள் போட்டு அழுத்தாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நான் ஒரு முறை இரவு இரண்டரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று பேசியிருக்கிறேன்.

அந்த ஞாயிறு மூன்று மணி நேரத்தில் முதல் மாதம் முழுக்கத் தூங்கினேன். இப்போது அக்கா வீட்டுக்கு நடந்து போய் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வருகிறேன்.