பிரிட்டிஷ் அரச வரிசை: கேள்வி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினாடி வினாவுக்குக் கேள்வி எழுத வரும் புதியவர்களுக்கு பிரிட்டிஷ் அரச குடும்பம் என்றால் தனி ஆசை. தேதிகள் எல்லாம் கைக்குக் கிடைக்கும், பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. நாங்கள் அந்தக் காலத்தில் கோட்டை விட்ட அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள். ஜார்ஜுகளைக் குழப்பிக்கொள்வது, எண்ணை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை சரிபார்த்தால் அகப்பட்டுவிடும். சரிபார்த்தாலும் நழுவிவிடுகிறவை வேறு.

## முடிசூட்டு நாளிலிருந்து ஆட்சியை எண்ணுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஒரு கல்லூரிப் போட்டியின் இறுதிச் சுற்று. "இரண்டாம் எலிசபெத் எத்தனை ஆண்டுகள் ஆட்சியில் இருந்தார்?" என்று கேட்டார்கள். ஒரு பெண்கள் அணி 70 என்றது. விடை அட்டையில் 69. எழுதியவர் 1953 ஜூன் 2இலிருந்து எண்ணியிருக்கிறார். மதிப்பெண் போயிற்று, அதோடு கோப்பையும் போயிற்று. அந்தப் பெண்கள் மேடையிலேயே வாதாடிப் பார்த்தார்கள். "அட்டையில் இருப்பதுதான் விடை" என்று உட்கார வைத்துவிட்டார்கள். கீழே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முந்தையவரின் உயிர் பிரிந்த கணமே அடுத்தவர் ஆட்சிக்கு வந்துவிடுகிறார். 1952 பிப்ரவரி 6 அன்று ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்தபோது எலிசபெத் கென்யாவில் இருந்தார். சேதி போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் அரசி. கிரீடம் தலையில் ஏறியது ஏறக்குறைய 16 மாதம் கழித்து. மூன்றாம் சார்லஸும் அப்படித்தான்: 2022 செப்டம்பர் 8 அன்று அரசரானார், முடிசூட்டு விழா 2023 மே 6. இடையில், 2022 அக்டோபரில், ரிஷி சுனக்கைப் பிரதமராக நியமித்தது கிரீடம் இன்னும் சூடாத சார்லஸ்தானே? எட்டாம் எட்வர்ட் 1936இல் 326 நாள் அரசராக இருந்து, முடிசூடாமலேயே இறங்கினார். அவருக்காகக் குறித்து வைத்திருந்த 1937 மே 12இல்தான் தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். முடிசூட்டைத் தொடக்கமாக வைத்தால் எட்வர்ட் அரசராகவே இருந்ததில்லை!

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எலிசபெத்தின் 70 ஆண்டுகள் நிறைந்தது 2022 பிப்ரவரி 6. பெரிய கொண்டாட்டம் நடந்ததோ ஜூன் 2 முதல் 5 வரை. ஜூன் 2 முடிசூட்டு நாளும்கூட என்பதால் கண் ஏமாறும். சந்தேகம் வந்தால் விக்டோரியாவை வைத்துச் சோதியுங்கள். ஆட்சிக்கு வந்தது 1837 ஜூன் 20, முடிசூடியது 1838 ஜூன் 28, பொன்விழா 1887. சென்னையின் விக்டோரியா பப்ளிக் ஹாலுக்குப் பெயர் வந்தது அந்தப் பொன்விழாவை வைத்துத்தான்.

இன்னொரு வலை இருக்கிறது. இந்த விதியை ரொம்பப் பின்னால் கொண்டுபோகாதீர்கள். முதலாம் ரிச்சர்டின் தந்தை 1189 ஜூலை 6இல் இறந்தார். ரிச்சர்டின் ஆட்சியாண்டை முடிசூடிய செப்டம்பர் 3இலிருந்துதான் எண்ணுகிறார்கள். வழக்கம் மாறியது முதலாம் எட்வர்டிடம். 1272இல் தந்தை இறந்தபோது அவர் சிலுவைப் போருக்குப் போயிருந்தார், முடிசூடியது 1274இல். ஆனாலும் 1272 நவம்பர் 20 முதலே அவர் ஆட்சி கணக்காயிற்று.

சரியான கணக்கு இது: எலிசபெத் 70 ஆண்டு 214 நாள், விக்டோரியா 63 ஆண்டு 216 நாள், மூன்றாம் ஜார்ஜ் 59 ஆண்டு 96 நாள்.

## எந்த நாடு என்று சொல்லாமல் கேட்பது

ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸும் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸும் ஒரே ஆள். ஆட்சி ஸ்காட்லாந்தில் 57 ஆண்டு, இங்கிலாந்தில் 22. நாட்டைக் குறிப்பிட்டால் சண்டை வராது.

## மூத்த மகன் இறந்தால் அடுத்த மகன் என்று நினைப்பது

இரண்டாம் ஜார்ஜின் மூத்த மகன் ஃபிரெடெரிக் 1751இல் தந்தைக்கு முன்பே போய்விட்டார். இளைய மகன் கம்பர்லேண்ட் பிரபு, கலோடன் போரில் வென்றவர், உயிரோடுதான் இருந்தார். 1760இல் அரியணை அவருக்குப் போகவில்லை; ஃபிரெடெரிக்கின் மகனுக்குப் போயிற்று. அவர்தான் மூன்றாம் ஜார்ஜ். மூத்தவரின் கிளை முழுவதும் தீர்ந்த பிறகுதான் அடுத்த கிளைக்கு முறை வரும்.

## தம்பி அக்காவைத் தாண்டிவிடுவார் என்று எழுதுவது

முன்பு தாண்டினார். 1950இல் பிறந்த எலிசபெத்தின் மகள் ஆன், தாய் அரசியானதும் இரண்டாம் இடத்தில் இருந்தார். 1960இல் ஆண்ட்ரூ பிறந்ததும் மூன்றாவது, 1964இல் எட்வர்ட் பிறந்ததும் நான்காவது. 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது கிடையாது. அதனால் 2015இல் பிறந்த, இளவரசர் வில்லியமின் மகள் சார்லட் 2018இல் பிறந்த தம்பி லூயிக்கு முன்னால் நிற்கிறார். ஆனால் புதிய விதி பழைய வரிசையைத் தொடவில்லை. இளவரசி ஆனைத் தம்பிகளுக்கு மேலே ஏற்றிவிட்டு வரும் கேள்விகளை இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

## அரசியின் கணவர் அரசர் என்பது

தானாக ஆவதில்லை. இரண்டாம் எலிசபெத்தின் கணவர் பிலிப்பைப் பாருங்கள், அவர் கடைசிவரை அரசர் ஆகவில்லை.

## பொறுப்பை விட்டால் வரிசையும் போகும் என்பது

போகாது. ஹாரி 2020இல் அரச கடமைகளிலிருந்து விலகினார், வரிசையில் இடம் அப்படியே இருந்தது. எட்டாம் எட்வர்ட் தானே இறங்கியபோதுகூட நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

## பிரிட்டனின் விதி எல்லா அரியணைக்கும் பொருந்தும் என்பது

1837 வரை பிரிட்டனுக்கும் ஜெர்மனியின் ஹனோவருக்கும் ஒரே அரசர். நான்காம் வில்லியம் இறந்ததும் பிரிட்டன் தம்பி மகள் விக்டோரியாவுக்கு வந்தது, ஹனோவரோ இன்னொரு தம்பி எர்னஸ்ட் அகஸ்டஸுக்குப் போயிற்று. அங்கே ஆண் வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்கு இடமில்லை. அதோடு, விக்டோரியாவை அரசியாக அறிவித்த பிரகடனத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: வில்லியமின் மனைவிக்கு இனிமேல் அவருடைய குழந்தை பிறந்தால் அதன் உரிமை பாதிக்கப்படாது. இதை நான் இன்னும் எந்த மேடையிலும் கேட்டதில்லை. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.