போனை வைத்து நிலம் அளக்காதீங்க, தம்பி

போன மாதம் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு பார்க்கப் போயிருந்தேன். தரகுத் தொழிலுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு தம்பி, போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி வேலிக்கு வெளியே தோப்பைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முள் கிழித்துவிடும் என்று இரண்டு மூன்றடி தள்ளியே நடந்தார். சுற்றி முடித்ததும் தோப்புக்காரரிடம், "ஏனுங்கய்யா, பட்டாவுல இருக்கறதவிட ஜாஸ்தியாவே காட்டுதுங்க" என்றார். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு வயிறு கலங்கியது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம் அது.

அதனால்தான் நிலத் தரகுக்குப் புதிதாக வருபவர்கள் போனை வைத்துச் செய்யும் தப்புகளை எழுதுகிறேன். போனில் சார்ஜ் வைத்துக்கொள், சூரியனுக்கு எதிரே நின்று படம் எடுக்காதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அதையெல்லாம் இரண்டு நாளில் தானாகவே கற்றுக்கொள்வீர்கள்.

ஜிபிஎஸ் செயலியில் அளந்து, அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டாவில் 0.42.50 என்று இருந்தது. அதாவது 42.5 ஏர்ஸ் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்), நம் கணக்கில் 1 ஏக்கர் 5 சென்ட். நான் புதிதாக ஒரு அளவைச் செயலியை இறக்கி வைத்திருந்த நேரம். கையில் பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி தோப்பைச் சுற்றி வந்தேன். 1 ஏக்கர் 12 சென்ட் என்று காட்டியது. தோப்புக்காரரிடம் அங்கேயே சொன்னேன். வாங்க வந்தவரிடமும் சொன்னேன். சென்ட் 60,000 ரூபாய் என்று பேசி முடித்து, இரண்டு லட்சம் அட்வான்ஸும் கைமாறியது.

வாங்குபவர் விவரமானவர். பத்திரத்துக்கு முன்னால் சர்வேயரை வைத்து அளந்துவிடலாம் என்றார். சர்வேயர் எஃப்எம்பி என்கிற புல அளவை வரைபடத்தை விரித்து, எல்லைக் கல் தேடி, செயின் பிடித்து அளந்தார். 104 சென்ட். பட்டாவைவிட ஒரு சென்ட் வாய்க்கால் பக்கம் போயிருந்தது. நான் சொன்னதற்கும் இருந்ததற்கும் 8 சென்ட் வித்தியாசம், பணமாக 4,80,000 ரூபாய்.

வியாபாரம் முறிந்தது, ஒன்றேகால் லட்சம் கமிஷன் போனது. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தோப்புக்காரர் மனதில் 112 என்ற எண் உட்கார்ந்துகொண்டது. சர்வேயர் காசு வாங்கிக்கொண்டு குறைத்து அளந்துவிட்டார் என்றார். அப்புறம், பக்கத்துத் தோப்புக்காரர் தன் 8 சென்ட்டை வளைத்துவிட்டார் என்று கிளம்பினார். பக்கத்துத் தோப்பு அவர் பங்காளியுடையது. அண்ணன் தம்பி மக்கள். இல்லாத 8 சென்ட்டுக்காக இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த ஊர் வழியாகப் போனால் நான் டீ குடிக்கக்கூட வண்டியை நிறுத்துவதில்லை.

எங்கே தப்பியது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4,250 சதுர மீட்டர் நிலம், ஓரளவு சதுரம் என்று வைத்தால் பக்கத்துக்கு 65 மீட்டர், சுற்றளவு 260 மீட்டர். வேலிக்கு வெளியே ஒரே ஒரு மீட்டர் தள்ளி நடந்தால் சுமார் 264 சதுர மீட்டர் கூடுதலாகச் சேரும். அதுவே ஆறரை சென்ட். செயலி பொய் சொல்லவில்லை. நான் நடந்த பாதையை அது அளந்து கொடுத்தது. நிலம் நான் நடந்த பாதைக்கு உள்ளே இருந்தது.

நான் நடந்தது சரியாகவே இருந்திருந்தாலும் போனின் ஜிபிஎஸ்ஸுக்கு என்று ஒரு பிசகு உண்டு. மேலே மறைப்பில்லாத வெட்டவெளியில் நல்ல போனே ஐந்து மீட்டர் சுற்றுக்குள்தான் நம் இடத்தைச் சொல்லும். தென்னங்கீற்றுக்குக் கீழே, மாடி வீடுகளுக்கு நடுவே, அது இன்னும் ஆடும். பத்து ஏக்கர் மானாவாரிக் காட்டில் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது. வீட்டு மனைக்கு வந்தால் கதையே வேறு. 60க்கு 40 மனை, ஒரு கிரவுண்ட், 2,400 சதுர அடி. நீளத்திலும் அகலத்திலும் இரண்டிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் போதும், 3,100 சதுர அடி என்று வரும். ஒரு மனையில் 700 சதுர அடி காற்றில் முளைக்கும்.

ஆனைமலையில் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அண்ணா, இது 5ஜி போனுங்கண்ணா" என்றார். 5ஜி டவருக்கும் வானத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கும் என்ன சம்பந்தம் தம்பி?

நடக்காமல், செயற்கைக்கோள் படத்தில் விரலால் மூலைக்கு மூலை புள்ளி வைத்து அளப்பவர்களும் இருக்கிறார்கள். தோப்பு என்றால் படத்தில் தெரிவது மட்டைதான், வேலி தெரியாது. பக்கத்துத் தோப்பு மட்டையும் நம் தோப்பு மட்டையும் மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். படமே சில மீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு.

சரி, செயலியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், வேண்டாம். இன்றும் நான் வைத்திருக்கிறேன். வேலிக்கு உள்பக்கமாக, இரண்டு தடவை நடப்பேன். வரும் எண்ணைப் பட்டாவோடு மனதுக்குள் ஒத்துப் பார்ப்பேன். ரொம்பக் குறைந்தால் எங்கோ ஆக்கிரமிப்பு இருக்கலாம், அல்லது நமக்கு எல்லையைத் தப்பாகக் காட்டியிருக்கலாம் என்று சர்வேயரைக் கூப்பிடச் சொல்வேன். வாயில் வருவது மட்டும் பட்டா எண்தான். கூடுதலாகக் காட்டினால், அந்த எண் என் போனைத் தாண்டி யாருக்கும் போகாது.

ஏர்ஸை சென்ட் என்று படிப்பது

பட்டாவைப் போனில் இறக்கி, 0.42.50 என்பதை 42.5 சென்ட் என்று படித்து விளம்பரம் போட்டவரை எனக்குத் தெரியும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஏக்கருக்கு மேல் இருந்த நிலத்தை அரை ஏக்கர்கூட இல்லை என்று விற்கப் பார்த்தார். நல்லவேளை, முதலில் கூப்பிட்டவர் பொறுமையானவர்.

வில்லங்கம் போனில் பார்த்தாச்சு என்று நிறுத்திக்கொள்வது

நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் வருவதுதான் வில்லங்கம்; அதைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. முன்பு இதற்கே இரண்டு நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறோம். ஆனால் அந்தத் திரை நாம் கேட்ட சர்வே எண்ணுக்குத்தான் பதில் சொல்லும். இன்றைக்கு 45/2ஏ என்றிருக்கும் நிலம் உட்பிரிவுக்கு முன்னால் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். பழைய அடமானம் அந்தத் தாய் எண்ணில் படுத்திருக்கும். 45/2ஏ மட்டும் போட்டால் பளிச்சென்று சுத்தமாக வரும். இரண்டையும் போடுங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்ததா என்றும் கேளுங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் திரையில் வராதவை இருக்கின்றன. பதிவு செய்யாத உயில், பதிவு செய்யாத ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு. இதற்கெல்லாம் செயலி கிடையாது. ஊர் டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார வேண்டும்.

வழிகாட்டி மதிப்பை பழைய ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து சொல்வது

பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு அது, மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

சர்வே நம்பரோடு பட்டாவை தரகர் குரூப்பில் போடுவது

பார்ட்டி கைநழுவிப் போகும் என்பது ஒரு பக்கம். அடுத்தவர் பட்டாவை முன்பின் தெரியாத 200 பேர் போனில் ஏற்றிவிடுகிறோம் என்பது இன்னொரு பக்கம். ஊர், சுமாரான அளவு, விலை. குரூப்புக்கு இது போதும்.

பிராட்காஸ்ட் அனுப்பினேன், யாருமே கூப்பிடலை

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், நம் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர். நீங்கள் அவர் எண்ணை வைத்திருந்தால் போதாது, அவர் உங்கள் எண்ணை வைத்திருக்க வேண்டும். இடம் பார்க்க வந்தவரிடம் கிளம்பும்போதே, "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க சார்" என்று சொல்லி, அவர் பண்ணும் வரை நிற்பேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

லைவ் லொக்கேஷன்

இடத்தில் நின்று லைவ் லொக்கேஷன் அனுப்பிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வாங்க வந்த குடும்பம் காரோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. இடத்துக்கு நிலையான லொக்கேஷனை அனுப்புங்கள்.

ரெரா எண் இல்லாமல் ரீல்ஸ் போடுவது

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ என்றால் திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுத் தரும் தரகரும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ட்ரோன் ஷாட், பின்னணி இசை எல்லாம் போட்டு ரீல்ஸ் எடுக்கும் தம்பிகள் பலர் இந்த இரண்டையும் கேட்பதே இல்லை. பதிவில்லாமல் விற்கும் தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம் என்கிறது சட்டம். உங்கள் ரீல்ஸே தேதி போட்ட சாட்சி.

அட்வான்ஸை உங்கள் ஜிபே எண்ணுக்கு வாங்குவது

"அண்ணா, ஓனருக்கு ஜிபே இல்லையாம், நான் வாங்கிக் கொடுத்துடறேன்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், அல்லது காசோலையாகப் போகட்டும். ரொக்கமாகவும் வேண்டாம். சொத்து விற்பனையில் அட்வான்ஸ் உட்பட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. அந்த 112 சென்ட் தோப்பு முறிந்தபோது இரண்டு லட்சமும் விற்பவர் கணக்கில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க அவர் நான்கு மாதம் இழுத்தடித்தார். அந்த நான்கு மாதமும் வாங்க வந்தவர் போன் செய்தது எனக்குத்தான். என் கணக்கில் வாங்கியிருந்தால் போனோடு நின்றிருக்காது.