கைபேசியைப் பிடுங்குவதற்கு முன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் பார்க்கலாம் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலான பெற்றோர் இந்த விஷயத்துக்குள் நுழைகிறார்கள். கேள்வியில் குற்றமில்லை, அதிலேயே நின்றுவிடுவதுதான் முதல் தவறு. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரையில், நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் உள்ளிட்ட சிக்கல்கள் வரும் அபாயம் இரு மடங்கு என்று குறிப்பிட்டார். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டே முக்கால் மணி நேரம் என்றால் நிம்மதி, மூன்றேகால் என்றால் சண்டை என்று வீட்டை நடத்த முடியாது. வேதியியல் பாடத்தை யூடியூபில் கேட்ட ஒரு மணி நேரமும், நண்பர்களோடு கிரிக்கெட் பேசிச் சிரித்த ஒரு மணி நேரமும், தன்னைவிட நிறமாகவும் ஒல்லியாகவும் தெரிகிற பெண்களின் படங்களை நள்ளிரவில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் திரைக் கணக்கில் ஒரே எண்ணாகத்தான் பதியும். மனத்தில் அப்படிப் பதியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசி, அவர்களுடைய மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே டிஜிட்டல் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடியும் என்று 2019இல் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு, எல்லாம் வீண் பீதி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சராசரியாக முழங்கால் ஆழமுள்ள குளத்திலும் ஆளை மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கலாம். அதே ஆர்பென் குழு பிரிட்டன் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் அடுத்த ஆண்டில் வாழ்க்கை குறித்த மனநிறைவு குறைவது பெண் பிள்ளைகளிடம் 11 முதல் 13 வயதிலும், ஆண் பிள்ளைகளிடம் 14, 15 வயதிலும் தெளிவாகத் தெரிந்தது. 19 வயதில் இரு பாலரிடமும் மீண்டும் தெரிந்தது. 2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது, தம் உடலைப் பற்றி வருத்தம் கொண்டிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர் இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொன்னது அதன் சொந்த ஆய்விலேயே இருந்தது. ஆக, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதி என்று தேடுவதைவிட, ஏழாம் வகுப்பு படிக்கும் நம் வீட்டுப் பெண் எதைப் பார்த்த பிறகு கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கிறாள் என்று கவனிப்பது பயன் தரும்.

ஊடகம் மனத்தைக் கெடுக்கிறதா, மனம் வாடிய பிள்ளைதான் ஊடகத்தை அதிகம் நாடுகிறதா என்ற குழப்பத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. இரண்டும் நடக்கின்றன. பள்ளி மாறியதால் பேச ஆளில்லாமல் போன ஒரு பையனுக்குப் பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழு மட்டுமே மிச்சமிருந்தால், அதையும் பறிப்பது மருந்தாகாது.

நம் ஊர் வீடுகளுக்கே உரிய ஒரு தவறு வெளிநாட்டு அறிவுரைகளில் அதிகம் தென்படுவதில்லை. கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதினரில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும் என்று 2024ஆம் ஆண்டின் ஏசர் கல்வி அறிக்கை கூறுகிறது. அவர்களில் அந்த வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்களோ பாதிக்கும் குறைவு. அதாவது பிள்ளை கையில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் போன், அப்பாவின் கணக்கு. பதின்வயதினருக்கென இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிமுகப்படுத்தி, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் கொண்டுவந்த தனிக் கணக்குகளில், ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டல், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் நிறுத்தம் என்றெல்லாம் ஏற்பாடுகள் உண்டு. நாற்பத்தைந்து வயது ஆணின் கணக்கில் இவை எதுவும் வேலை செய்யாது. அவர் எதை நின்று பார்த்தாரோ அதைப் போன்றவையே பிள்ளையின் முன்னும் வந்து நிற்கும். பகிர்ந்துகொள்ளும் போனாக இருந்தாலும் பிள்ளைக்கு உண்மையான பிறந்த ஆண்டோடு தனிக் கணக்கு வைத்துக்கொடுப்பதும், பதின்மூன்று வயது ஆகவில்லை என்றால் கணக்கே வேண்டாம் என்று நிறுத்துவதும் சிறிய வேலைகள்தாம். ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்கு உட்பட்டோருக்குச் சட்டமே தடை போடட்டும் என்று காத்திருப்பவர்கள், அது வரும் வரை இதையாவது செய்யலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பிள்ளை எதையாவது சொன்னதும் போனைப் பிடுங்குவது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் படத்தை வேறொரு உடலோடு ஒட்டி, பணம் கேட்டு யாரோ செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதை அம்மாவிடம் சொல்வதற்கு முன் அவள் மனத்தில் ஓடுவது இரண்டே கணக்குகள்: திட்டு எவ்வளவு விழும், போன் போய்விடுமா. சென்ற மாதம் ஒரு ரீல்ஸுக்கே போன் அலமாரிக்குள் பூட்டப்பட்ட வீட்டில் அவள் வாய் திறக்க மாட்டாள். மிரட்டுபவன் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான். “என்ன நடந்தாலும் சொல்லு, போனை வாங்க மாட்டேன்” என்ற வாக்கை முன்கூட்டியே கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும். அப்படி ஏதாவது நேர்ந்தால் பதற்றத்தில் செய்திகளை அழித்துவிடாமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கலாம். பணம் கொடுத்து வாயை அடைக்கலாம் என்று நினைப்பது, அடுத்த முறை அவன் கூடுதலாகக் கேட்பதற்கு வழி.

‘போனுக்கு அடிமையாகிவிட்டான்’ என்ற தீர்ப்பையும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் நாம் சர்வ சாதாரணமாக வழங்குகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அதற்கும் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்த, வாழ்க்கையைக் குலைக்கும் பாதிப்பு இருக்க வேண்டும். சமூக ஊடக அடிமைத்தனம் என்று தனியொரு நோய் அதில் இல்லை. அந்தப் பட்டத்தைச் சூட்டியதும் பார்வை போன் மேலேயே நின்றுவிடுகிறது. சாப்பாடு குறைந்ததும், விளையாடப் போகாததும், ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்று ஒருமுறை முனகியதும் காதில் விழாமல் போகின்றன. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். போன் பழக்கமே தனிச் சிக்கலாகிவிட்டவர்களுக்கென்று பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்தி வருகிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுத் தூக்கத்தில் கோட்டை விடுபவர்கள் அதிகம். என் கணிப்பில் முதலில் சரிசெய்ய வேண்டியதும் அதுதான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும். காலை ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழ வேண்டிய பையன், பன்னிரண்டரை வரை போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டிருந்தால் மிஞ்சுவது ஐந்து மணி நேரம். மறுநாள் அவன் எரிந்து விழுவதை ‘வயசுக் கோளாறு’ என்கிறோம். தூக்கத்தைக் கெடுப்பது திரையின் நீல ஒளிதான், அதைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். 2015இல் வெளியான அமெரிக்கச் சோதனை ஒன்றில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் மின்னூல் கருவியில் படித்தவர்களுக்கே, அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிடத் தூக்கம் வரச் சுமார் 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. ஒளி திருடுவது நிமிடங்களை என்றால், முடிவே இல்லாமல் கீழே கீழே வந்துகொண்டிருக்கும் பதிவுகள் திருடுவது மணிக்கணக்கை. 2006இல் இந்த முறையை வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். முன்பெல்லாம் பக்கம் முடியும் இடத்தில் கை நின்றது. இப்போது நிற்க இடமில்லாத ஒன்றின் முன் பிள்ளையை உட்காரவைத்து, மன உறுதி இல்லை என்று திட்டுகிறோம்.

இரவு பத்து மணிக்குப் போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னால், “அலாரத்துக்கு வேணும்மா” என்ற பதில் வரும். அது பெரும்பாலும் சாக்குதான், ஆனால் வாதாட வேண்டிய சாக்கு அல்ல. பாத்திரக் கடையிலோ வாட்ச் கடையிலோ ஒரு சாவிக் கடிகாரம் வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிடலாம். சார்ஜரைக் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மாட்டி, அப்பாவின் போனையும் அம்மாவின் போனையும் அதே பலகையில் வைக்க வேண்டும்.