கடுவன் பூனைக்குக் கருத்தடையா? முகத்தைப் பார்த்துத் தீனி போடாதீர்கள்

வளர்ந்த கடுவன்களைப் பிடித்துக் கருத்தடை செய்து வீடு தேடிக் கொடுக்கும் வேலை என்னுடையது. அதனால் புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் "முன்", "பின்" என்று இரண்டு படங்களை அனுப்பி, கீழே பதறிப்போய் ஒரு கேள்வியும் கேட்பார்கள். அறுவைக்கு முன் பட்டினி, கழுத்துப் பட்டை எல்லாம் மருத்துவரே சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"பை அப்படியே இருக்கிறதே"

இருக்கத்தான் செய்யும். விரைகளை எடுத்தாலும் பையின் தோல் அங்கேயேதான் இருக்கும். சில நாள் வீங்கி, உள்ளே ஏதோ மிச்சம் இருப்பது போலவும் தெரியும், பிறகு சுருங்கிவிடும். பெரும்பாலும் தையலும் போட மாட்டார்கள். வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, சீழ் வந்தாலோ மட்டும் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

உடனே பெண் பூனையோடு விடுவது

வேண்டாம். மிச்சமிருக்கும் விந்தணு சில வாரம் தாங்கும்.

கன்னம் வற்றியதும் பூனை இளைத்துவிட்டது என்று நினைப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. கடுவனின் அந்த அகன்ற முகம் நன்றாகத் தின்று வந்ததில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் வேலை செய்வதால் கன்னத்துத் தோலும் அதன் அடியிலுள்ள திசுவும் தடித்துப்போகின்றன, கழுத்தும் முரடாகிறது. சண்டையில் கடியும் பிறாண்டலும் அங்கேதான் அதிகம் விழும் என்பதால் கடுவனுக்கு அது ஒரு கவசம். அறுவைக்குப் பிறகு ஹார்மோன் சில நாளிலேயே விழுந்துவிடும், கன்னமோ மாதக்கணக்கில் மெதுவாகத்தான் வற்றும். வயதான கடுவனுக்கு முழுதாக வற்றாமலும் போகலாம்.

வம்பு என்னவென்றால், இதே காலத்தில் பசி கூடுகிறது, உடம்புக்கு வேண்டிய கலோரியோ ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் குறைகிறது. முகம் சிறுத்ததைப் பார்த்த வீட்டுக்காரர் "ஐயோ, ஆபரேஷன்ல பிள்ளை துரும்பாயிட்டான்" என்று கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருப்பார், பூனையும் வேண்டாம் என்று சொல்லாது.

என்னிடம் ஒரு வெள்ளைக் கடுவனை வாங்கிப்போன தம்பதி முகத்தை மட்டும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பி, "அக்கா, இன்னும் தேறவே இல்லை" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தால் சின்ன முகம், பூசணிக்காய் உடம்பு! விலா எலும்பை விரலால் தேட வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் செய்தது அதைவிட மோசம், பயந்துபோய்த் தீனியை ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தார்கள். குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும். அப்புறம் மருத்துவர் அளவு போட்டுக் கொடுத்து, மெல்ல மெல்லத்தான் எடையை இறக்க முடிந்தது. அப்படியே விட்டிருந்தால் சர்க்கரை நோயில் கொண்டுபோய் விட்டிருக்கலாம், குண்டான கருத்தடை ஆண் பூனைகளுக்கு அந்த அபாயம் கூடுதல்.

அதனால் அறுவை அன்றே எடையைக் குறித்து வையுங்கள், முதல் சில மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், தீனியை அளந்து போடுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும். கன்னத்தோடு சேர்ந்து முதுகும் இடுப்பும் வற்றினால் அது வேறு கதை, அதற்குக் கருத்தடையைக் குற்றம் சொல்லாமல் பரிசோதனை செய்யுங்கள்.

விரை தெரியவில்லை, ஏற்கெனவே செய்தாயிற்று என்று முடிவு கட்டுவது

சில கடுவன்களுக்கு விரை கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். பெரிய கன்னமும் காட்டமான மூத்திர நாற்றமும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மருத்துவர் ஆண்குறியில் முட்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார், ஏனென்றால் கருத்தடை ஆன பூனைக்கு அவை ஏறத்தாழ 6 வாரத்தில் மறைந்துவிடும்.

முக்கி முக்கி உட்கார்வதை "பழைய பீச்சுற பழக்கம்" என்று விடுவது

பீச்சுகிற பூனை நின்றபடி, வாலைத் தூக்கிக்கொண்டு மூத்திரத்தைச் சுவரில் அடிக்கும். மண் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தியும் சொட்டுகூட வரவில்லை என்றால் மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.