கலக்காத கடல் முதல் கன்னியா வரை: அதிசயங்களைப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டு சமுத்திரங்கள் சந்திக்கின்றன, ஆனால் கலப்பதில்லை" என்று ஒரு படம் வருடக்கணக்காக வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிர்பச்சை, நடுவே நுரையோடு ஒரு கோடு. திருகோணமலையில் பல குடும்பக் குழுக்களில் இது ஒரு தடவையாவது வந்துபோயிருக்கும். படம் உண்மையானது. அதோடு வரும் வாசகம்தான் பிழை.

அந்த இடம் அலாஸ்கா வளைகுடா. அங்கே பனியாறுகள் மலைகளை அரைத்தபடி மெல்ல நகர்கின்றன. அரைபட்ட பாறைத்தூள் உருகிய தண்ணீரோடு சேர்ந்து ஆறுகளில் இறங்கிக் கடலுக்கு வருகிறது. அந்த நன்னீர் இலேசானது, உப்புக் கடல்நீர் பாரமானது. இரண்டும் முட்டுகிற இடத்தில் கொஞ்ச நேரம் ஒரு கோடு தெரியும். காற்றும் அலையும் நீரோட்டமும் அதைக் கரைத்துவிடும், அப்புறம் வேறோர் இடத்தில் புதுக்கோடு விழும். இரண்டு சமுத்திரங்கள் அங்கே சந்திக்கவே இல்லை. ஆற்றுநீர் கடலில் சேர்கிறது, அவ்வளவுதான். மெதுவாகத்தான் என்றாலும் கலக்கத்தான் செய்கிறது.

இதைப் பார்க்க அலாஸ்காவுக்குப் போகவும் வேண்டாம். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி ஆறு எங்கள் திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில்தான் கடலைச் சேர்கிறது. மாரி மழை அடித்துப் பெய்து ஆறு பெருகிய நாட்களில் மூதூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். மண் கரைந்த பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் நாக்கு நீட்டியது போல நுழைந்து, ஓரத்தில் நீலத்தோடு முட்டி நிற்கும். அதே சங்கதிதான்.

எனவே, முதல் தவறு படத்தை விட்டுவிட்டு வாசகத்தை நம்புவது. எந்த இடம், எந்த மாதம், யார் எடுத்தது என்ற மூன்றும் இல்லாமல் வருகிற படத்தை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட வேண்டாம். கூகிள் லென்ஸில் போட்டுத் தேடினால் பல படங்களின் ஊரும் பேரும் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். சந்திரனில் நின்று பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் இந்த வகைதான். சுவர் மிக நீளமானது, சரி. ஆனால் அகலம் சில மீற்றர்தான். சந்திரனோ ஏறக்குறைய 384,000 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 2003இல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்றே சொன்னார்.

இதைவிட நுணுக்கமான தவறு ஒன்று இருக்கிறது. அதிசயத்துக்குக் காரணத்தை அவசரமாக முடிவுகட்டுவது. அண்டார்ட்டிக்காவில் டெய்லர் பனியாற்றின் முகப்பிலிருந்து இரத்தம் வழிவது போலச் செந்நீர் இறங்குகிறது. 1911இல் அதைக் கண்டவர்கள், செம்பாசிதான் காரணம் என்று நினைத்தார்கள். உண்மையில் பனிக்கடியில் அடைபட்டுக் கிடக்கும் கடும் உப்புநீரில் இரும்பு கரைந்திருக்கிறது. அது வெளியே வந்து காற்றைத் தொட்டதும் துருப்பிடித்துச் சிவக்கிறது.

அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில், காய்ந்த ஏரித்தரையில் கற்கள் தாமாக நகர்ந்து நீளமான தடம் விட்டிருக்கும். கடும் புயல், காந்தம், வேற்றுக்கிரகவாசிகள் என்று சொல்லாத காரணமில்லை. ஆய்வாளர்கள் கற்களில் ஜி.பி.எஸ். பொருத்திவிட்டுக் காத்திருந்து, 2013 டிசம்பரில் அது நடப்பதை நேரிலேயே கண்டார்கள். மழைநீர் தரையில் மெல்லியதாகத் தேங்குகிறது. இரவில் உறைகிறது. காலை வெயிலில் அந்தப் பனி பெரிய பெரிய தகடுகளாக உடைகிறது. இலேசான காற்று தகடுகளைத் தள்ள, தகடுகள் கல்லைத் தள்ளுகின்றன. புயலே தேவைப்படவில்லை. இந்த விளக்கத்தைப் படித்தபிறகு எனக்கு அந்தக் கற்கள் இன்னும் பிடித்துப்போயின.

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு வருகிறவர்களும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். "கீழே எரிமலை இருக்கிறதா?" என்பது அங்கே அடிக்கடி கேட்கும் கேள்வி. இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப்போகப் பூமி சூடு. சூடேறிய நீர் வேறு வெடிப்புகளின் வழியே மேலே வருகிறது. மகா ஓயாவில் இருக்கும் வெந்நீர் ஊற்றுகளும் இப்படி வருபவைதான். கன்னியாவில் பார்க்க வேண்டியது ஏழு கிணறுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். சின்னச் சின்னச் சதுரக் கிணறுகள், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் வாளியால் அள்ளி ஊற்றினால் இதமாக இருக்கும். அடுத்ததில் ஊற்றினால் தோள் சட்டென்று சுருங்கும். நாலைந்து அடி தள்ளியிருக்கும் ஊற்றில் ஏன் சூடு மாறுகிறது என்று யோசித்தபடி குளித்துப் பாருங்கள். பலர் ஒரே கிணற்றில் இரண்டு வாளி ஊற்றி, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உச்சிவெயிலில் போய், "இந்த வெயிலில் வெந்நீரா!" என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. விடியற்காலையில் போக வேண்டும்.

அதே இடத்தில் இன்னொரு பிழையும் நடக்கும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் தரையில் குத்திய ஏழு இடங்களில் நீர் பொங்கியது என்பது எங்கள் கதை. பாறை வெடிப்பைப் பற்றிப் படித்த பிள்ளை இந்தக் கதையைப் பழிப்பதும், கதை சொல்லும் அம்மம்மா பிள்ளையின் விஞ்ஞானத்தைத் தட்டிவிடுவதும் வேண்டாத சண்டை. வட அயர்லாந்தின் கடற்கரையில் ஏறக்குறைய 40,000 கற்றூண்கள், பெரும்பாலும் அறுகோண வடிவில், அடுக்கி வைத்தது போல நிற்கின்றன. எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கிப் பிளந்ததால் வந்த வடிவம் அது. ஃபின் மக்கூல் என்ற அரக்கன் கடல்மேல் போட்ட பாதை என்ற கதையையும் அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் காட்டும்போது நாங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

காலம் பார்க்காமல் கிளம்புவது காசையும் தின்னும். பொலிவியாவின் உயூனி உப்புவெளி, 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது, வானத்தைக் கண்ணாடி போலக் காட்டும். ஆனால் மழைக்காலத்தில் மட்டும், உப்பின் மேல் தண்ணீர் தேங்கியிருக்கும்போதுதான். மற்ற மாதங்களில் போனால் வெடித்த வெள்ளைத் தரைதான் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் நீங்கள் தேடிப்போனது அது இல்லையே. நோர்வேயிலிருந்து உறவுக்காரர் அனுப்பும் துருவ ஒளிப் படத்திலும் இதே ஏமாற்றம் காத்திருக்கிறது. கமெரா பல விநாடி ஒளியைச் சேர்த்துப் பச்சையைத் தூக்கிக் காட்டும். ஒளி மங்கலாக உள்ள இரவுகளில் கண்ணுக்குச் சாம்பல் வெள்ளையாகவே தெரியலாம். அது அசைவதைக் கண்ணால் பாருங்கள், எந்தப் படத்திலும் அந்த அசைவு வராது. எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கும் இதுதான்: டிசம்பர் விடுமுறையில் நிலாவெளிக்கு வந்து, "கடல் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது?" என்று கேட்காதீர்கள். அது வாடைக்காலம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவுக்குப் போவதென்றால் மே முதல் செப்டம்பர் வரை பாருங்கள்.

புறாமலையைச் சொன்னதால், எனக்கு மிகவும் வலிக்கிற தவறுக்கு வந்துவிடுகிறேன். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள பவளப்பாறையைக் கல் என்று நினைத்து மேலே ஏறி நிற்கிறார்கள். அது உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டாகக் கட்டிய வீடு. ஒரு மிதியில் உடைவது திரும்ப வளர வருடங்கள் எடுக்கும். நீந்தத் தெரியாவிட்டால் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு மிதந்தபடி பாருங்கள், ஆழம் குறைந்த இடத்தில் காலை ஊன்றாதீர்கள். உடைந்து கரையொதுங்கிய துண்டையும் பையில் போடாதீர்கள்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்றிக் கோட்டையின் புள்ளிமான்களுக்கு நடப்பது இன்னும் கொடுமை. அங்கே சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு, அதைச் சுற்றிவந்த பொலித்தீன் லன்ச் ஷீட்டை அப்படியே போட்டுவிடுகிறார்கள். சோறும் உப்பும் மணக்கும் அந்தத் தாளை மான் முழுவதுமாக மென்று விழுங்கும். அது வயிற்றில் செரிக்காது, வெளியேயும் போகாது. வயிறு நிறைந்தது போலவே இருந்து மான் மெலிந்து சாகும். ஜப்பானின் நாரா நகரத்தில் மான்கள் தலைகுனிந்து வணக்கம் வைத்துத் தீனி கேட்கும், உலகமே அதைப் பார்த்துச் சிரிக்கும். அங்கேயும் 2019இல் இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக்கை எடுத்தார்கள், ஒன்றில் மட்டும் 4.3 கிலோ. நாராவில் மானுக்கென்றே விற்கும் பிஸ்கட்டைப் பொலித்தீன் பை இல்லாமல், காகிதப் பட்டி சுற்றித்தான் கொடுக்கிறார்கள். இங்கே அப்படி ஏதும் வரும்வரை மானுக்கு எதையும் நீட்டாமல் இருப்பதே நல்லது. குப்பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோங்கள்.

கடைசியாக, நீலத்திமிங்கிலம். திருகோணமலைக் கரைக்கு மிகக் கிட்டவே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால், 30 மீற்றர் வரை வளரக்கூடிய அந்தப் பிராணி எங்கள் வாசலுக்கே வருகிறது. "கட்டாயம் காட்டுவோம்" என்று உறுதி சொல்லும் படகை விட்டுவிட்டு, "இன்றைக்குக் கிடைக்காமலும் போகலாம்" என்று சொல்லும் படகில் ஏறுங்கள். முதுகு தெரிந்ததும் "கிட்டப் போ, கிட்டப் போ" என்று படகோட்டியை நெருக்காதீர்கள். துரத்தினால் திமிங்கிலம் மூச்சை முடிக்காமலே ஆழத்துக்கு இறங்கிவிடும். படகைத் தள்ளியே மெதுவாக விடச் சொல்லுங்கள். அது தன் பாட்டில் பல தடவை மூச்சு விட்டு, வாலைத் தூக்கி இறங்கும்வரை பார்க்கலாம்.